சாமியே நடை சாத்தும் நேரத்தில் நமக்கென்ன வேலை?

ஏப்ரல் பிறந்தால் பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கோஷ்டி பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ரயிலேறிவிடும். இன்னொரு கோஷ்டி ஊரிலிருந்து அப்பா அம்மாவை இங்கே வரவழைத்து, ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்து, மைசூர், ஹளேபீடு, பாதாமி, ஹம்பி என்று 'சுத்திக் காட்ட'க் கிளம்பிவிடும்.

முதல் கோஷ்டி மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவர்கள் பாட்டி வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். நான் பேச வந்தது இரண்டாவது கோஷ்டியைப் பற்றி. (அடியேனும் அதில் ஆயுள் சந்தாதாரர்தான்.)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் பழைய ஊர்களைப் பார்க்கப் போகிறவர்கள் காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை எதையும் பார்க்கக் கூடாது. சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும், சும்மா இருக்க வேண்டும். அப்படிச் சும்மா இருக்க வசதியாக, பார்க்கும் இடங்களின் கதவு திறக்கும் நேரமும் மாற வேண்டும். அவ்வளவுதான்.

இது என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று கேட்பீர்கள். கண்டுபிடிப்பே இல்லை. நம் ஊர்க் கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். எத்தனை பெரிய மனுஷன் எத்தனை தூரத்திலிருந்து வந்தாலும், 'நாலு மணிக்கு வாங்க' என்பதுதான் பதில். சாமியே ஓய்வெடுக்கும் நேரத்தில், பிரஷர் மாத்திரை போடும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு, செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, கொதிக்கும் கல்தரையில் நாம் நடந்துகொண்டிருக்கிறோம். இதற்குப் பெயர் உல்லாசப் பயணம்!

எங்கள் கிளையின் வாடிக்கையாளர் தம்பதி ஒருவர், இருவருமே ஓய்வு பெற்றவர்கள், ஸ்பெயினில் வேலை செய்யும் மகனைப் பார்க்க ஒரு ஜூலை மாதம் போய்விட்டு வந்தார்கள். கோர்தோபா என்ற பழைய ஊருக்குப் போனார்களாம். முதலில் மசூதியாகக் கட்டப்பட்டு, 1236இல் ஊர் கைமாறிய பிறகு தேவாலயமாக மாறிய பிரம்மாண்டமான கட்டடம் அங்கே இருக்கிறது. நான் அதைப் பற்றிக் கேட்டால், அவர் அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னார். "மூணு மணிக்கு ஊரே காலி சார். கர்ஃப்யூ போட்ட மாதிரி கடையெல்லாம் சாத்தியாச்சு. ரோட்டுல நாங்க ரெண்டு பேரும் ஒரு புறாவும்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் பாத்தா, குழந்தை குட்டியோட மொத்த ஊரும் தெருவுல இருக்கு."

அந்தக் கோர்தோபா மாகாணத்தில்தான் 2021 ஆகஸ்ட்டில் வெயில் 47 டிகிரியைத் தாண்டியது. ஸ்பெயின் நாட்டின் உச்சபட்ச வெயில் கணக்கில் அது இடம்பிடித்துவிட்டது. பக்கத்து ஊரான செவில்லில் கோடை வந்தால் தெருவுக்குக் குறுக்கே, மாடிக்கு மாடி துணிப் பந்தல் கட்டிவிடுகிறார்கள். பழைய வீடுகளெல்லாம் நடுவில் முற்றம் வைத்தவை. நம் செட்டிநாட்டு வீடு ஞாபகம் வருகிறதா? வெயிலோடு பல நூறு வருஷம் குடித்தனம் நடத்திய எல்லா ஊர்க்காரர்களும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். மதியத்தோடு சண்டை போடாதே, அதை விட்டுக் கொடு.

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.

போன ஏப்ரல் கடைசி வாரம் நானும் தங்கமணியும் ஹம்பி போனோம். மகள் சென்னையில் கல்லூரி சேர்ந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம். 'ஏன் ஏப்ரலில்? டிசம்பரில் போகக் கூடாதா?' என்று கேட்கிறவர்கள் பேங்க்கில் வேலை பார்த்திராத புண்ணியவான்கள். டிசம்பர் முடிந்தால் மார்ச் முழுக்க இயர் எண்டிங். கணக்கு முடித்த பிறகு ஏப்ரலில்தான் மேனேஜர் லீவு பாரத்தை முகம் சுளிக்காமல் வாங்குவார். அதற்கும் மேலே போனால் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்து நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் இதே கதைதான். லீவு விடுவதே வெயிலுக்காக. அந்த லீவில்தான் வெயிலைத் தேடிப் போகிறோம்.

பெங்களூரிலிருந்து ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொசபேட்டையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஹம்பி சுமார் 13 கிலோமீட்டர். பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் உறைப்பதே இல்லை. நாம் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு 34 டிகிரிக்கே 'என்ன சார் இந்த வருஷம் இப்படி' என்று புலம்புகிறவர்கள். நம் ஊரின் சாதனையே 2016 ஏப்ரலில் வந்த 39.2தான். ஹம்பி நமக்குக் கிட்டத்தட்ட பாதி உயரத்தில், பல்லாரிச் சமவெளியில், பாறைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஏப்ரல், மே என்றால் 40 சர்வ சாதாரணம். அந்தப் பாறைகள் பகல் பூராவும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வட்டியோடு திருப்பித் தரும். அதனால்தான் உச்சி வெயிலை விட மூன்று மணி மோசம்.

பயணத் திட்டம் முழுக்கத் தங்கமணியுடையது. காலை ஐந்தே கால் மணிக்கு ஆட்டோ. ஆறு மணிக்கு மாதங்க மலை மேல். சூரியன் எழும்பும்போது கீழே துங்கபத்திரையும் விரூபாட்சர் கோபுரமும் வாழைத் தோட்டங்களும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. இறங்கி விரூபாட்சர் கோயில். அங்கே உள்ளே ஒரு சுவரில் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழும். சின்னத் துவாரம் வழியாக வெளிச்சம் வந்து படம் தலைகீழாகத் தெரியும் சமாச்சாரம்தான். நாம் எட்டாம் வகுப்பில் அட்டைப் பெட்டியில் செய்து பார்த்தது. கோயிலே பெட்டியாக நிற்கும்போது பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. அப்புறம் லட்சுமி நரசிம்மர். 1528இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கியது. உயரம் 6.7 மீட்டர்.

ஒன்பது மணிக்கு விட்டலர் கோயில். பேட்டரி வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். 2017இல் வந்த 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே, அந்தக் கல்தேர் இங்கேதான். இத்தனை வருஷம் கட்டுக் கட்டாக எண்ணிய தேரை ஒற்றையாகப் பார்த்தது அன்றுதான் :-). தேர் என்கிறோமே தவிர அது கருடனுக்குக் கட்டிய சன்னதி. 1856இல் கிரீன்லா என்ற வெள்ளைக்காரர் எடுத்த புகைப்படத்தில் அதன் தலையில் செங்கல் விமானம் ஒன்றும் இருக்கிறது. இன்றைக்கு அது இல்லை.

பத்தரை மணிக்கெல்லாம் தரை சுட ஆரம்பித்துவிட்டது. கிளம்பலாம் என்று திரும்பினால், மண்டபத்து நிழலில் ஒரு சின்னக் கூட்டம். நம்ம ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, சட்டை முழுக்க நனைந்து, தலையைத் தூக்க முடியவில்லை. தலை சுற்றுகிறது என்று மட்டும் சொன்னார். மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள். பெங்களூரில் பொட்டி தட்டும் குடும்பம். அப்பா ஊரிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறதாம்.

தங்கமணி யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவரை உள்ளே நிழலில் படுக்க வைத்து, காலை ஒரு பையின் மேல் தூக்கி வைத்து, என் துண்டை நனைத்து கழுத்திலும் கையிலும் வைத்தாள். எங்கள் பையில் இருந்த உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்து, அவர் நன்றாக முழித்துப் பேசுகிறாரா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது.

அந்த மகனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கை நடுங்க அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஆனால் பெரியவர் எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது இது. "இன்னும் அஞ்சு பாயிண்ட் இருக்கு சார். வண்டி அஞ்சு மணியோட முடியுது."

அதைக் கேட்டதும் பெரியவர், "நான் இங்கேயே நிழல்ல உக்காந்திருக்கேன். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. புள்ளைங்க ஆசையா வந்திருக்கு" என்றார்.

தங்கமணிதான் பட்டென்று சொன்னாள். "தம்பி, அப்பாவை ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. இது கல்தேர். எங்கேயும் ஓடிப் போகாது."

போனார்கள். நல்ல மனுஷர், கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த 'அஞ்சு பாயிண்ட்' என் மண்டையை விட்டுப் போகவில்லை. மனிதர்கள் ஏன் இப்படி ஆகிறோம் என்பதற்குப் பி.காம் படித்தவனிடம் ஒரு பதில் இருக்கிறது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். மூழ்கிப் போன செலவு. ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணம், எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராது. அதனால் இனிமேல் எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். நிஜத்தில் நாம் செய்வது நேர் எதிர். ஐயாயிரம் வண்டிக்கு, நாலாயிரம் ரூமுக்கு, கொடுத்தாச்சு. அதனால் வெயிலில் வெந்தாவது 'வசூல்' பண்ண வேண்டும். வெயிலில் பார்த்த ஐந்து இடமும் வீடு திரும்பியதும் ஒன்றோடொன்று குழம்பிப் போகும். போட்டோவைப் பார்த்து 'இது எது?' என்று சண்டை வரும். இதில் என்ன வசூல்?

அடுத்தது அந்த வண்டிக் கணக்கு. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர். பெங்களூரில் வாடகை வண்டி எடுத்த எல்லோருக்கும் மனப்பாடமான வாய்ப்பாடு. காலை டிபன் முடித்து ஒன்பது மணிக்கு ஏறினால் ஐந்து மணிக்கு முடிகிறது. அதாவது, ஒரு நாளின் மிக மோசமான எட்டு மணி நேரத்தைக் கணக்காக அளந்து வாங்கிக்கொள்கிறோம். நல்ல மூன்று மணி நேரம் காலையிலும் இரண்டு மணி நேரம் மாலையிலும் ஓட்டல் அறையில் வீணாகப் போகிறது.

மூன்றாவது, முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஹம்பி 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 4,187 ஹெக்டேர் பரப்பில் 1,600க்கும் மேற்பட்ட சின்னங்கள் மிஞ்சியிருக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. 1336இல் தொடங்கி 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்படும் வரை இருநூறு வருஷத்துக்கு மேல் வளர்ந்த நகரம் அது. ஒரு நாளில் பத்து பாயிண்ட் பார்த்தாலும் பதினைந்து பார்த்தாலும், மொத்தத்தில் அது ஒரு சதவீதத்துக்குள்தான். இந்த வித்தியாசத்துக்காகவா அப்பாவைப் படியில் உட்கார வைத்துவிட்டுப் போவது?

நாங்கள் அன்றைக்குப் பதினொன்றேகாலுக்கு அறைக்குத் திரும்பிவிட்டோம். ஆட்டோக்காரர் காலையிலேயே சொல்லியிருந்தார். "மத்யான பேடா சார், பிசிலு ஜாஸ்தி. நாலூவரெகெ பர்த்தீனி." மதியம் வேண்டாம், வெயில் அதிகம், நாலரைக்கு வருகிறேன் என்று. உள்ளூர்க்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார். அவருக்கும் உடம்புதானே?

நாங்கள் சோள ரொட்டியும் கத்திரிக்காய் பல்யாவும் இரண்டு பெரிய டம்ளர் மஜ்ஜிகேவும் (மோர்தாங்க) சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம். எழுந்தபோது இரண்டரை. செய்வதற்கு எதுவுமில்லை. திரையை இழுத்துவிட்டு, மின்விசிறிச் சத்தத்தில் பேசிக்கொண்டே இருந்தோம். மகளைப் பற்றி, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி, அடுத்த டிரான்ஸ்ஃபர் எங்கே விழும், விழுந்தால் இவள் கூட வருவாளா இல்லை பெங்களூரிலேயே இருப்பாளா என்பதைப் பற்றி. ஒரு வருஷமாக இருவருமே பேசாமல் தள்ளிப் போட்ட விஷயம் அது. வீட்டில் குக்கர் சத்தத்துக்கும் டிவி சத்தத்துக்கும் நடுவே பேச முடியாததை, வெயில் எங்களை ஒரு அறையில் பூட்டி வைத்துப் பேச வைத்தது. "அங்கே என்ன பார்த்தீங்க?" என்று யாராவது கேட்டால் இதை எந்தப் பாயிண்டில் சேர்ப்பது?

நாலரைக்குப் போனோம். ராணி குளியல் மண்டபம், தாமரை மஹால், யானைக் கொட்டில். இவற்றைப் பார்த்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. இந்த நகரத்தைக் கட்டியவர்கள் வெயிலை எங்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள். குளியல் மண்டபம் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுவர். உள்ளே நடுவில் திறந்த வானம், 15 மீட்டர் சதுரத்தில் குளம், சுற்றிலும் நிழலான தாழ்வாரம். வெயில் தண்ணீர் மேல் விழும், மனிதர்கள் நிழலில் நிற்பார்கள். தாமரை மஹாலில் நாலு பக்கமும் வளைவுகள், எந்தப் பக்கம் காற்று வந்தாலும் உள்ளே நுழைந்து போகும். அரண்மனைப் பகுதியில் கல்லாலான வாய்க்கால்கள் தூண் மேல் ஏறித் தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுபோகின்றன. விட்டலர் கோயில் முன்னால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளக் கடைவீதி. இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண் மண்டபங்கள். வியாபாரிக்கும் நிழல், வாங்க வந்தவனுக்கும் நிழல்.

சுமார் 1520இல் இங்கே வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகல்காரர் (ஸ்பெயினுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான்) இந்த நகரம் ரோம் அளவுக்குப் பெரிதாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். கோட்டையையும் படையையும் மட்டுமல்ல, வீட்டுத் தோட்டங்களில் இருந்த மரங்களையும் ஊருக்குள் ஓடிய வாய்க்கால்களையும் அவர் குறித்திருக்கிறார். இன்றைக்கு மண்டபத்துக்குக் கூரை போயிற்று, வாய்க்காலில் தண்ணீர் போயிற்று, தோப்பு போயிற்று. நிழலைக் கழித்த பிறகு மிஞ்சிய நகரத்தைத்தான் நாம் பார்க்கிறோம். அதை மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால், அங்கே வாழ்ந்தவர்கள் ஒருநாளும் பார்க்காத மாதிரி பார்க்கிறோம். சரித்திரத்துக்கே அது பொருந்தாது.

இனி, நேரக் கணக்கை வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கர்நாடக அரசு ஒரு நல்ல காரியம் செய்கிறது. கலபுரகி கோட்டத்து மாவட்டங்களிலும் இன்னும் சில வட மாவட்டங்களிலும், ஏப்ரல், மே மாதங்களில் அரசு அலுவலகங்கள் காலை 8 மணிக்குத் திறந்து மதியம் 1.30க்கு மூடிவிடும். வெயில்தான் காரணம். 2021இல் பிறந்த விஜயநகர மாவட்டமும், அதாவது ஹம்பி இருக்கும் மாவட்டமும், இதில் சேர்த்தி. மின்விசிறிக்குக் கீழே உட்காரும் குமாஸ்தாவுக்கு மதிய வெயில் ஆகாது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால் அதே ஊரில், திறந்த வெளியில், கல்தரையில் நடக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும்? வெயிலில் நின்று டிக்கெட் கிழிப்பவருக்கும், காவல்காரருக்கும், கைடுக்கும்?

வெளியூரிலும் பாருங்கள். 2023 ஜூலையில் வெயில் எல்லை மீறியபோது ஏதென்ஸ் நகரத்தின் அக்ரோபோலிஸ் குன்றை நடுப்பகலில் சில மணி நேரம் மூடினார்கள். உலகமே பார்க்க வரும் இடம், சுற்றுலா வருமானத்தை நம்பிப் பிழைக்கும் நாடு. அவர்களே மூடியிருக்கிறார்கள்.

'ஸ்பெயின்காரன் மாதிரி ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் பார்க்கலாம் என்கிறாயா?' என்று கேட்கலாம். இல்லை. அங்கே கடிகாரமே வேறு. பூகோளப்படி லண்டன் நேரத்தில் இருக்க வேண்டிய நாடு, 1940இலிருந்து ஜெர்மனி நேரத்தில் ஓடுகிறது. அதனால் ஜூலையில் ஒன்பதரை மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். நமக்கு ஆறேமுக்காலுக்கு இருட்டிவிடும். அவர்களுக்கு வாய்த்தது நீண்ட சாயங்காலம், நமக்கு வாய்த்தது விடியற்காலை. நம் ஊரில் கோலம் போடுவதும் நடவுக்குப் போவதும் சுப்ரபாதமும் எல்லாம் விடியலில்தானே? ஆகவே நான் கேட்பது முக்கியமாகக் காலையைத்தான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் டிக்கெட் வாங்கும் இடங்களெல்லாம் ஆறு மணிக்குத் திறக்கட்டும். பேட்டரி வண்டியும் ஆறு மணிக்கு ஓடட்டும்.

மாலையையும் கொஞ்சம் நீட்டலாம். இது முடியாத காரியம் இல்லை. 2019 ஜூலையில் நாடு முழுக்கப் பத்து நினைவுச் சின்னங்களை இரவு 9 மணி வரை திறந்து வைக்கப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. அதில் நம் கர்நாடகத்தின் பட்டதகல்லும் விஜயாபுராவின் கோல் கும்பஸும் இருந்தன. அந்த யோசனையைக் கோடைக்கு என்று எடுத்து, வெயில் கொளுத்தும் ஊர்களுக்கெல்லாம் விரிக்கலாம்.

மதியம் பூட்டுப் போடச் சொல்கிறேனா? வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுக்கும் நாட்களில், ஆமாம். மற்ற நாட்களில் வேண்டாம். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு நாள் பஸ் பிடித்து வரும் கூலிக் குடும்பத்துக்குப் படுத்துத் தூங்க ஓட்டல் அறை கிடையாது. அவர்களை வாசலில் நிற்க வைப்பது பாவம். அவர்களுக்கு வேண்டியது நிழல். கோடை வந்தால் நம் ஊரில் கட்சிக்காரர்கள் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் திறந்து, தலைவர் படத்தை மாட்டி, மோரும் தர்பூசணியும் கொடுப்பார்களே, அதை ஹம்பியில் யாராவது செய்யக் கூடாதா? படம் மாட்டினாலும் பரவாயில்லை, மோர் கிடைத்தால் சரி. பாதுகாக்கப்பட்ட மண்டபங்களுக்குள் கடை போட முடியாது, நியாயம். வண்டி நிறுத்தும் இடத்தில் நூறு பேர் படுத்து எழுந்திருக்க ஓலைப் பந்தல் போடலாமே.

அரசாங்கம் செய்யும் வரை நாம் செய்யக்கூடியது நம் கையில் இருக்கிறது. வண்டி பேசும்போதே இரண்டு வேளையாகப் பேசுங்கள். காலை ஐந்தரை முதல் பத்தரை வரை, மாலை நாலரை முதல் ஏழு வரை. உள்ளூர் ஆட்டோக்காரர்கள் இதற்குச் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். அறையை ஹொசபேட்டையிலோ கமலாபுரத்திலோ பக்கத்தில் எடுங்கள், மதியம் திரும்பி வர வசதியாக. பையில் உப்பு சர்க்கரைக் கரைசல், ஒரு பருத்தித் துண்டு, குடை. கோயிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டி வரும், பழைய சாக்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா பிரஷருக்கு மாத்திரை போடுகிறார்கள் என்றால், கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில மாத்திரைகள் உடம்பில் இருக்கும் தண்ணீரைக் குறைக்கும். மாதங்க மலைப் படிகள் கரடுமுரடானவை, பெரியவர்களுக்கு வேண்டாம். விரூபாட்சர் கோயிலை ஒட்டிய ஹேமகூடம் சரிவான பாறை, மெல்ல ஏறிவிடலாம். சூரியன் இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். ஒரு நாளைக்கு நாலு இடம் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் அப்பா அம்மாக்கள் முடியவில்லை என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மகன் காசு செலவு பண்ணியிருக்கிறான், மருமகள் லீவு போட்டிருக்கிறாள், பேரன் ஆசைப்படுகிறான் என்று கணக்குப் போட்டுவிட்டு, 'நான் இங்கேயே உக்காந்திருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க' என்பார்கள். வருஷத்தில் பத்து நாள் அவர்களோடு இருக்கக் கிடைக்கிறது நமக்கு. அந்தப் பத்து நாளில் அவர்களை ஒரு படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு நாம் என்ன கல்லைப் பார்க்கப் போகிறோம்? 'வாங்கப்பா, ரூமுக்குப் போய்ப் படுக்கலாம், சாயங்காலம் பாத்துக்கலாம்' என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

டிஸ்கி: டிசம்பரில் லீவு கிடைக்கிற பாக்கியசாலிகள் டிசம்பரிலேயே போங்கள். மோர் மட்டும் எல்லா மாசமும் குடிக்கலாம் :-)